வடபக்கத்துப் பதினோரு கற்கள்

பாதி பிளேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. முகம் மழிக்கிற சாதாரண பிளேடுதான். நீளவாக்கில் இரண்டாக உடைத்ததில் ஒரு பாதி. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் படுக்க வைத்திருக்கிறேன். வீடு ஒழிக்க வரும்போதெல்லாம் என் மகள் அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள். “அம்மா, துருப்பிடிச்ச பிளேடு, கையில கிழிச்சா செப்டிக் ஆயிடும்” என்பாள். “வச்சிட்டுப் போடி” என்று நானும் ஒவ்வொரு முறையும் பிடுங்கி வைத்துவிடுவேன். அந்த பிளேடை ஒரே ஒரு பகல்தான் பயன்படுத்தினேன். ஜெர்மனியில், முனிச் நகரத்தில், எழுபதாம் வருஷத்து வசந்தகாலத்தில், பதினோரு தாள்களிலிருந்து பிள்ளையாரைச் சுரண்டி எடுத்தேன். அது பாவமா புண்ணியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று டிராமில் வீடு திரும்பும்போது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. இறங்கின இடத்தில் ஒரு ரொட்டிக்கடையில் நின்றபடியே இரண்டு பன் தின்றேன்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். இஞ்சினியர்கள் பென்சிலில் போட்டதை, மேலே டிரேசிங் தாளை விரித்து மையில் ஏற்றும் வேலை. பாலம், மதகு, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் எல்லாம் வரைந்திருக்கிறேன். அறுபத்தைந்தில் என் கணவர் ரசாயன ஆராய்ச்சிக்கென்று முனிச் போனார். ஆறு மாதம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன். ஓர் அறையும் ஒரு ஜன்னலும் எதிர்வீட்டுப் புகைபோக்கியும்தான் உலகம் என்று ஆனபோது, எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பழைய கட்டடங்களை ஆராயும் ஒரு நிலையத்தில் படம் வரைய ஆள் தேவை என்று கணவரின் ஆய்வகத்தில் யாரோ சொல்ல, போய் நின்றேன். வரைகூடத்துக்குத் தலைவர் ஒரு கிழவர். எல்லாரும் அவரை மைஸ்டர் என்றார்கள், நம் ஊரில் மேஸ்திரி என்கிற மாதிரி. பேச்சு கிடையாது. ஒரு தூணின் படத்தை என் முன்னால் வைத்து, பேனாவைக் கொடுத்து, போய்விட்டார். திரும்பி வந்து பூதக்கண்ணாடியை வைத்து என் கோடுகளைப் பார்த்தார். “திங்கட்கிழமை” என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்கு வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

யாருக்காக வரைகிறோமோ அந்த அம்மாளை, வேலையில் சேர்ந்த மறுநாள் பார்த்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆகவே எல்லாருக்கும் டாக்டரம்மா. ஊசி போடாத டாக்டரம்மா என்று நான் கணவரிடம் கிண்டலாகச் சொல்வேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டின தலைமுடி, மழையானாலும் பனியானாலும் சைக்கிள், குளிர்காலம் முழுக்க ஒரே சாம்பல் கோட்டு. உட்காரவே மாட்டார். காபியை நின்றுகொண்டே குடிப்பார், பாதியில் எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோவார். ஆறிப்போன காபிக் கோப்பைகளை நான் படங்களிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டே இருப்பேன். கிரேக்கத்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கிற ஒரு சின்னக் கோயிலை ஐந்து கோடைகாலம் கல் கல்லாக அளந்தவர். ஜெர்மனியில் பேராசிரியராக வேண்டுமானால் டாக்டர் பட்டம் போதாது. அதற்கும் மேலே ஒரு பெரிய ஆய்வு எழுதி, ஒரு குழுவின் முன் நின்று வாதாட வேண்டும். அந்தக் கோயில்தான் அவருடைய ஆய்வு. குழுவில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். அவர் எங்கே வழுக்குவார் என்று சிலர் காத்திருந்தார்கள் என்பது வரைகூடத்தில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

அந்தக் கோயிலில் அவரைப் பிடித்து வைத்திருந்தது தூணும் இல்லை, சிலையும் இல்லை. படிதான். கிரேக்கக் கோயில் மூன்று படிகளின் மேல் நிற்கும். மேல்படி தரைபோல மட்டமாக இருக்கிறது என்றுதான் பார்த்தவர் எவரும் சத்தியம் செய்வார்கள். இல்லை. நாலு பக்கமும் நடுவில் லேசாக உயர்ந்து, முனைகளை நோக்கித் தணிந்து போகிறது. ஒருநாள் என்னுடைய நீளமான படத்தின் இரு முனையிலும் குண்டூசி குத்தி, தையல்நூல் ஒன்றை இழுத்துக் கட்டிக் காண்பித்தார். நான் நேர்கோடு என்று நினைத்து ஒரு வாரமாக வரைந்தது நூலுக்கு மேலே வில்லாக வளைந்திருந்தது. உண்மைக் கல்லில் அந்த வளைவு நாலு விரல்கடை. அவ்வளவுதான். அதற்கேற்பத் தூண்கள் உள்பக்கமாகத் துளி சாய்ந்திருக்கின்றன, நடுவில் துளி பெருத்திருக்கின்றன. மூலைத் தூண் மற்றவற்றைவிடத் துளி பருமன். ஒரு கல்லும் சரியான சதுரம் கிடையாது. “எதற்காக இப்படி?” என்று கேட்டேன். “மழைத்தண்ணீர் வடிய என்கிறார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிய என்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் இதை வளைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது” என்றார். நாலு பக்கமும் ஒரே வளைவு, ஒரே காலம், ஒரே கொத்தர் கூட்டம் என்பதுதான் அவர் நிறுவ வேண்டியது.

வரைகூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அரசர் சதுக்கம் தெரியும். அங்கே, முன்பு அந்தப் பகுதியை ஆண்ட பவேரிய அரசர்கள் கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டின வாசலும் மண்டபங்களும் நிற்கின்றன. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவரைத்தான் கிரேக்கத்துக்கே ராஜாவாக அனுப்பினார்களாம். என் நாளில் சதுக்கம் முழுக்கக் கார்கள் நிறுத்தியிருப்பார்கள். தூண்களுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஊர் ஞாபகம்தான் வரும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் அதே மாதிரித் தூண் வைத்த மண்டபம் ஒன்று உண்டு. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். வெள்ளைக்காரன் பாணி என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரனே இரவல் வாங்கின பாணி என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். கோர்ட், பாங்கு, காலேஜ் என்று எங்கெல்லாம் நம்மைக் கொஞ்சம் பயமுறுத்தி நிமிர்ந்து நிற்க வைக்க வேண்டுமோ அங்கெல்லாம் அந்தத் தூண்களைக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் நான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. வரைகிற பெண் கேள்வி கேட்பது அங்கே வழக்கம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாமி எங்கே இருந்தது? உள்ளே, சிலையாக. பூஜை? வெளியே, திறந்த வெளியில் பலிபீடத்தில். ஜனங்கள்? அவர்களும் வெளியேதான். “அப்ப உள்சுவருக்கும் தூணுக்கும் நடுவுல சுத்தி வர இடம் விட்டிருக்காங்களே, பிரதட்சிணம் பண்ணுவாங்களா?” என்று என் அரைகுறை ஜெர்மனில் கேட்டபோது, அவர் கோப்பையை என் படத்தின் மேலேயே வைத்துவிட்டார். “யாருக்கும் தெரியாது” என்றார். “ஆனால் நல்ல கேள்வி.” இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகச் சுற்றி வர ஆளில்லாமல் ஒரு பிராகாரம் கிடக்கிறதே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்குகிற கை எனக்கு இல்லை. பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு, மதகின் படம், எதுவானாலும் முதலில் மேலே ஒரு சுழி, பக்கத்தில் ஒரு கோடு. சென்னை அலுவலகத்தில் எல்லா டிரேசர்களும் போடுவோம், முடிந்ததும் ரப்பரால் அழிப்போம். முனிச்சிலும் முதல் நாளே தாளின் மேல் ஓரத்தில் பென்சிலால் போட்டேன். மைஸ்டர் வந்து, அது என்ன என்றுகூடப் பார்க்காமல் விரலால் தட்டினார். “ஓரத்தில் ஒன்றும் கூடாது. ஓரம் அச்சகத்தாருடையது” என்றார். பயந்துபோய் அழித்தேன். ஆனால் சுழி போடாமல் அன்று முழுக்க ஒரு கோடும் நேராக வரவில்லை. நான் யார், லேசில் விடுகிறவளா? மறுநாளிலிருந்து ஓரத்தை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே, கல்லின் முகத்திலேயே பென்சிலால் மெலிதாகப் போட ஆரம்பித்தேன். மை ஏற்றி முடித்ததும் அழித்துவிடுவேன். ஒன்றரை வருஷம் இது யாருக்கும் தெரியாமல் நடந்தது.

அறுபத்தேழில் எனக்குப் பிள்ளை தரித்தது. இரண்டாவது தடவை. முந்தின வருஷம் தரித்தது நாலாவது மாதத்தில் போய்விட்டது. அதை ஊருக்குக்கூட எழுதவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் பயம். அப்போது என் மேஜையில் இருந்தவை வடபக்கத்து மேல்படியின் கற்கள். மொத்தம் பதினொன்று, வரிசையாக. பேறுகால விடுப்புக்கு முன் பதினொன்றையும் பென்சிலில் முடித்துவிட வேண்டும் என்று அடம் பிடித்தேன். ஒவ்வொரு தாளிலும், ஒவ்வொரு கல்லின் மேலும், அழுத்திச் சுழி போட்டேன். இதை அழிக்க மாட்டேன், பிள்ளை நல்லபடியாகப் பிறந்து நான் திரும்பி வந்த பிறகுதான் அழிப்பேன் என்று வேண்டிக்கொண்டேன். யானை முகத்தானிடம் பேரம் பேசினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அழகான, அடங்காத பிள்ளை. ஆனால் நான் திரும்பிப் போகவில்லை. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற வழி அப்போது அங்கே இல்லை. இரண்டரை வருஷம் பால், துணி, காய்ச்சல், பல் என்று ஓடியது. பதினோரு சுழிகளையும் அடியோடு மறந்தேன்.

எழுபதில் பக்கத்துத் தெருவில் ஒரு பாலர் இல்லம் குழந்தையைச் சேர்த்துக்கொண்டது. காலை வேளையில் மட்டும் வரலாமா என்று மைஸ்டரிடம் கேட்டேன். “திங்கட்கிழமை” என்றார். போனேன். டாக்டரம்மாவின் மேஜை மேல் பெரிதாக்கின ஒரு படம் நிமிர்த்தி வைத்திருந்தது, என் முழங்கை நீளத்துக்கு. அதில் பிள்ளையார் சுழி. கறுகறுவென்று, கெட்டியான மையில். ஐயையோ என்று தமிழில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் திரும்பி, “ஆமாம், உங்களையும் பயமுறுத்துகிறதா?” என்று சோர்வாகச் சிரித்தார். முகம் பாதியாகியிருந்தது. நான் விட்டுப்போன பதினோரு தாள்களுக்கும் மைஸ்டரே மை ஏற்றியிருக்கிறார். தாளில் என்ன பென்சில் கோடு இருந்ததோ அதையெல்லாம் ஒரு மயிரிழை பிசகாமல் மையாக்கியிருக்கிறார். சுழியையும் சேர்த்து.

அதன் விளைவு என்ன என்பதை டாக்டரம்மாவே சொன்னார். கொத்தர்கள் தங்கள் கல்லில் தங்கள் கூட்டத்தின் குறியை வெட்டி வைப்பது வழக்கம். மற்ற மூன்று பக்கமும் தெரிந்த கிரேக்க எழுத்துகள். வடபக்கத்தில் மட்டும் பதினோரு கற்களில் யாருக்கும் தெரியாத ஒரே குறி. அப்படியென்றால் வடபக்கத்தை வேறு நாட்டுக் கொத்தர்கள், வேறு காலத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒரே வளைவு, ஒரே கூட்டம் என்ற பேச்சு செத்தது. தெரிந்த எழுத்துமுறைகளில் எல்லாம் அந்தக் குறியைத் தேடியிருக்கிறார். நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். வடபக்கத்தை மட்டும் அவருக்காக அளந்தவர் ஒரு மாணவர். அவர் படிப்பை விட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். கல்லின் குறிகளை எழுதிவைத்த அவருடைய நோட்டும் அவரோடு போய்விட்டது. கடிதம் போட்டதற்கு, “இருந்திருக்கலாம், நினைவில்லை” என்று பதில். நேரே போய்க் கல்லைப் பார்க்கலாம் என்றால், கிரேக்கத்தில் ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கர்னல்களை எதிர்த்த ஓர் அறிக்கையில் வெளிப்படையாகக் கையெழுத்துப் போட்டவர் இவர். இவருக்கு விசா கிடையாது. “மூன்று வாரத்தில் ஆய்வைக் கொடுக்க வேண்டும். முடிவுரையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து கோடையாக என் கண்ணால் பார்த்த வளைவை நானே இல்லை என்று எழுதுகிறேன்” என்றார். கோப்பை பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கோழை. வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் நிழலுக்கும் பயப்படுவார். “இங்க பாரு, நீயாப் போய் மாட்டிக்காத. அவங்க உன்னைக் கேட்டாங்களா? இல்லல்ல? பெரிய இடத்து ரிசர்ச். நீ ஒரு டிரேசர். நாளைக்கு என் பெலோஷிப்புக்கும் ஏதாச்சும் பிரச்னை வந்தா?” என்றார். “கேக்கலைங்கறதுதாங்க எனக்கு ஆத்திரமே” என்றேன். “ரெண்டு வருஷமா ஊரு உலகத்தையெல்லாம் கேட்டிருக்காங்க. பென்சில்ல போட்டவ இதே ஊர்ல நாலு டிராம் ஸ்டாப் தள்ளி உக்காந்திருக்கேன். என்னை ஒருத்தருக்கும் தோணல.” சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, பயத்துக்குக் கீழே அந்தக் கோபம் இருந்தது என்று. குழந்தை தரையில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். வேண்டுதலுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது, சொன்னதை மட்டும் நான் செய்யவில்லை. “நாளைக்குச் சொல்லிடப் போறேங்க” என்றேன். அவர் போய் ரசத்துக்குப் புளி கரைத்தார்.

மறுநாள் டிராமில் வாக்கியங்களை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் நின்றதும் அத்தனை ஜெர்மனும் ஆவியாகிவிட்டது. மேஜை மேல் கிடந்த சீட்டு ஒன்றை இழுத்து, பென்சிலை எடுத்து, ஒரு சுழி போட்டு, “இது கல் இல்லை. இது நான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “மறுபடி போடுங்கள்” என்றார். போட்டேன். பெரிதாக்கின படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் கோட்டை எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடுவேன், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. அந்தக் கூடுதலும் மைஸ்டரின் மையில் அப்படியே இருந்தது. “மறுபடி” என்றார். மூன்றாவதும் அப்படியே. “எதற்காக?” என்று கேட்டார். எங்கள் ஊரில் எதைத் தொடங்கினாலும் இதைப் போடுவோம், ஒரு சாமி இருக்கிறார், யானைத் தலை, தடைகளை எல்லாம் நீக்குகிறவர் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

“தடைகளை நீக்குகிறவரா!” என்றார். என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக என் வழியை மறித்துக்கொண்டு நின்றது தடைகளை நீக்குகிறவரா!” என்று சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் கட்டடம் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் சிரித்தேன், பிறகு அழுதேன், இரண்டும் கலந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். திடீரென்று அவர் முகம் கடுத்தது. “ஏன் அழிக்கவில்லை? உங்கள் வேலை சுத்தமான வேலை என்று நம்பியிருந்தேனே” என்றார். நியாயமான கேள்வி. போன பிள்ளையைப் பற்றியும் வேண்டுதலைப் பற்றியும் சொன்னேன். அந்த ஊரில் அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். “குழந்தை நலமா?” “நலம்.” “அப்படியானால் குறி தன் வேலையைச் செய்திருக்கிறது” என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “என்னை ஏன் கேட்கவில்லை?” என்றேன். அவர் தலை குனிந்தார். “எனக்குத் தோன்றவே இல்லை. மன்னியுங்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

டாக்டரம்மா மைஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். கிழவர் முகம் சிவந்து, “பென்சிலில் இருந்தது, மையாக்கினேன்” என்றார். “பென்சிலில் இருந்தது” என்று மறுபடியும் சொன்னார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நான் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் மேஜைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்து, நீளவாக்கில் படக்கென்று உடைத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். டிரேசிங் தாளிலிருந்து மையை எடுக்க வேறு வழி இல்லை. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாள் கிழியாமல் மேல்தோலை மட்டும் சுரண்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்கப்பா, உன் வேலை முடிஞ்சுது” என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டினேன். பதினொன்று. கடைசிக் கல் சுத்தமானதும் டாக்டரம்மா தையல்நூலை எடுத்து வந்து, பதினோரு தாள்களையும் வரிசையாக ஒட்டவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடித்தார். நூலுக்கு மேலே வளைவு, மற்ற மூன்று பக்கத்தைப் போலவே, நாலு விரல்கடைக் கணக்குக்கு அச்சாக எழுந்து நின்றது. “ஒரே கை” என்றார். நூலை விடவே இல்லை.

நாற்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டார். பழைய முடிவுரை திரும்பி வந்தது. குழுவின் முன் மூன்று மணிநேரம் நின்று வாதாடினார். நான் வெளியே நடைக்கூடத்தில் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்து வந்தவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார். ஜெர்மன்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. நான் போட்ட சுழிக்குக் கீழே நிஜமாகவே அந்தக் கல்லில் வேறு ஏதாவது குறி இருந்து, அந்த மாணவர் பார்த்திருந்து, அதை நான் விட்டிருந்தால்? எழுபத்துநாலில் கர்னல்கள் போனார்கள். மறு கோடையில் டாக்டரம்மா போனார். அங்கிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பதினோரு கற்களையும் தண்ணீர் ஊற்றி, தும்புப் பிரஷால் தேய்த்து, சாய்வெயிலில் பார்த்தாராம். ஒரு கீறல்கூட இல்லையாம். கடைசியில் ஒரு வரி: உங்களுக்காக ஒருமுறை சுற்றி வந்தேன், தூணுக்கும் சுவருக்கும் நடுவில், வலமாக. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ் அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். பால் பொங்கி வழிந்தது.

எழுபத்தாறில் நாங்கள் ஊர் திரும்பினோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு பார்சல் வந்தது. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். எங்கள் கோயில். இப்படிப்பட்ட புத்தகங்களில் வரைந்தவர் பெயரைப் போட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், தேடவும் இல்லை. நேரே படங்களுக்குப் போனேன். முதல் படத்தாள், வடபக்கத்து மேல்படி. ஓரத்தில், ஒன்றுமே கூடாது என்று மைஸ்டர் தட்டின அதே மேல் ஓரத்தில், ஒரு பிள்ளையார் சுழி. என்னுடையது இல்லை. சுழி கோணல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்ட மாதிரி. கோடு மட்டும் கொஞ்சம் கூடுதலாக நீண்டிருந்தது. அன்று நான் போட்டுக் காட்டின சீட்டை வைத்திருந்து, பார்த்துப் பார்த்து அவரே போட்டிருக்கிறார். புத்தகத்தின் பின்னால் படங்களுக்கான குறிப்பில் அதற்கும் ஒரு வரி இருந்தது. முதல் தாளின் ஓரத்தில் உள்ள குறி கல்லில் இல்லை, படங்களை வரைந்தவர் தம் வேலையைத் தொடங்கும் விதம் அது, நானும் அவ்வாறே தொடங்குகிறேன் என்று. கீழே என் முழுப்பெயர், ஊர்ப்பெயரோடு.

டாக்டரம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. என் கணவரும் போய்விட்டார். புத்தகம் அலமாரியில், தீப்பெட்டி அதன் மேல். சென்ற வாரம் மகள் வந்தாள், வழக்கம்போல பிளேடைத் தூக்கிப் போடப் போனாள். இந்த முறை உட்கார வைத்து, புத்தகத்தின் முதல் தாளைத் திறந்து, முழுக் கதையையும் சொன்னேன். அந்தப் பதினோரு சுழியும் அவளுக்காகத்தான் போட்டது என்று அவளிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. கேட்டு முடித்தவள் பிளேடை எடுத்துப் பஞ்சின் மேல் படுக்க வைத்து, தீப்பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு ஓரத்துச் சுழியின் மேல் மெதுவாக விரலை ஓட்டினாள். “இதையும் சுரண்டிடாதேம்மா” என்றாள். பதினொன்றைச் சுரண்டினவள் நான். பன்னிரண்டாவது என்னுடையது இல்லை.